சிறுகுறிஞ்சான் இலை நடந்த தூரம்

வெளியூர்க்காரர்களுக்குத் தளவாய்புரம் என்றால் நைட்டி. தெருவுக்குத் தெரு தையல் மிஷின் ஓடும் ஊர் இது. இங்கே தைத்த துணி மாநில எல்லை தாண்டிப் போகிறது. ஊருக்கு மேற்கே சேத்தூரையும் தேவதானத்தையும் கடந்தால் மலையடிவாரம் வந்துவிடும். அங்கே புதர்களிலும் வேலிகளிலும் சுற்றிப் படர்ந்து கிடக்கும் ஒரு கொடியின் இலை, எந்தத் துணி மூட்டையும் போகாத தூரம் போயிருக்கிறது. உதகமண்டலம், கல்கத்தா, பம்பாய், தரமணி, ஜப்பான், லண்டன் என்று ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சோதனைச்சாலை சோதனைச்சாலையாக ஏறி இறங்கிய இலை அது. பெயர் சிறுகுறிஞ்சான். சர்க்கரைக்கொல்லி என்றும் சொல்வார்கள்.

கொடியைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அடையாளம் சுலபம். இலைகள் எதிரெதிராக இரண்டிரண்டாக இருக்கும். தடவினால் மெல்லிய பூனைமயிர் படும். பூ சிறியது, மஞ்சள் நிறம், கொத்தாக இருக்கும். காய் கொம்பு போலக் கூர்ந்திருக்கும்; வெடித்தால் பஞ்சு முளைத்த விதைகள் காற்றில் போகும். இதெல்லாம் தெரியாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. இரண்டு இலையை நன்றாக மென்று, சற்றுப் பொறுத்து, வாயைக் கொப்பளித்துவிட்டு ஒரு சிட்டிகை சீனியை நாக்கில் போட்டுக்கொள்ள வேண்டும். மணலைத் தின்பதுபோல இருந்தால் அது சிறுகுறிஞ்சான். சீனி இனித்தால் வேறு ஏதோ கொடி. எந்தக் கருவியும் இல்லாமல், மென்றவரே நடுவராக இருந்து தீர்ப்புச் சொல்லும் சோதனை இது. இலைச்சாறுகளுக்கு இன்று நடக்கும் எத்தனையோ சோதனைகளில் இவ்வளவு துல்லியமான பதிலைத் தருபவை மிகச் சில.

இந்த அறிவு முதலில் மலையில் இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் மலைத்தொடரில் செண்பகத்தோப்பு, அய்யனார் கோயில், தாணிப்பாறை என்று அடிவாரம் நெடுக வாழும் பளியர்கள் தேனும் கிழங்கும் எடுப்பவர்கள், மூலிகை தெரிந்தவர்கள். சதுரகிரிக்குப் போகும் பக்தர்கள் அந்த மலையின் மூலிகைகளைப் பற்றிப் பேசாமல் திரும்புவதில்லை. 1988-ல் இந்த மலைத்தொடர் நரை அணில் சரணாலயமானது. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகமாக விரிந்தது. காடு காக்கப்பட வேண்டியதுதான். ஆனால் காட்டோடு சேர்ந்து, எந்த இலையை எந்தப் பருவத்தில் பறிக்க வேண்டும் என்ற அறிவும் காக்கப்பட வேண்டும் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். சித்த மருத்துவர்கள் மதுமேகத்துக்குக் கொடுக்கும் சூரணங்களில் சிறுகுறிஞ்சான் இலை நெடுங்காலமாக இருந்துவருகிறது. உலகத்துச் சோதனைச்சாலைகள் அத்தனையும் அதற்குப் பிறகுதான் இலையைத் தேடி வந்தன.

எழுத்தில் முதல் தடம் 1847-ல் கிடைக்கிறது. எட்ஜ்வொர்த் என்ற அயர்லாந்துக்காரர், இந்தியாவில் அரசுப் பணியில் இருந்துகொண்டே தாவரங்களை ஆராய்ந்தவர். இந்த இலையை மென்றால் இனிப்பு தெரியாமல் போகிறது என்று அவர் சொன்ன செய்தி லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தது. அப்போது அது ஒரு விந்தைச் செய்தி, அவ்வளவுதான்.

விந்தையை வேதியியலாக மாற்றியவர் உதகமண்டலத்தில் இருந்தார். டேவிட் ஹூப்பர் அங்கே அரசின் கொய்னா வேதியியலர். சிங்கோனா மரப்பட்டையில் எவ்வளவு கொய்னா இருக்கிறது என்று அளந்து சொல்வது அவர் வேலை. நீலகிரியில் மலேரியாவுக்கான மருந்து தயாரான காலம் அது. உலகத்திலேயே கசப்பான பொருள்களில் ஒன்றை நாள் முழுக்கக் கையாண்ட மனிதர் அவர். அவர் கையில் சிறுகுறிஞ்சான் கிடைத்தது. மென்றார். சீனி மணலானது. பிறகு அவருக்கே தோன்றக்கூடிய ஒன்றைச் செய்தார்: கொய்னாவை நாக்கில் வைத்துப் பார்த்தார். அது சுண்ணாம்புக்கட்டி போல இருந்ததாக எழுதினார். 1887-ல் நேச்சர் இதழில் இது வெளிவந்தது. இலையைத் தண்ணீரில் ஊறவைத்து எடுத்த சாற்றில் அமிலம் சேர்த்து ஒரு பொருளைப் படியவைத்து, அதற்கு ஜிம்னெமிக் அமிலம் என்று பெயர் வைத்தார். இனிப்பைக் கொல்வது அதுதான் என்றார்.

இதில் ஒரு பாதி நின்றது, ஒரு பாதி விழுந்தது. இனிப்பு விஷயம் நின்றது. கசப்பையும் மறைக்கிறது என்பது விழுந்தது. 1950-களுக்குப் பிறகு தூய்மைப்படுத்திய பொருளை வைத்துச் செய்த சோதனைகள், அது இனிப்பை மட்டுமே தொடுகிறது என்று காட்டின. கலவைச் சாறு தானே கசப்பது. அதில் ஊறிய நாக்குக்கு அடுத்து வரும் கசப்பு மங்கலாகத் தெரிந்திருக்க வேண்டும். இலைச்சாறு ஆய்வில் இறங்கும் ஒவ்வொரு மாணவருக்கும் ஹூப்பரின் கதையை முதல் பாடமாகச் சொல்லித்தர வேண்டும் என்று நினைக்கிறேன். அவர் கவனமானவர், நேர்மையானவர், நாக்கில் உணர்ந்ததை அப்படியே எழுதியவர். அப்படியிருந்தும் கலவைச் சாறு அவரைப் பாதி வழி தவறவைத்தது.

ஹூப்பர் கேட்டது நாக்கைப் பற்றிய கேள்வி. ரத்தத்தைப் பற்றிய கேள்வி வர இன்னும் நாற்பது ஆண்டுகள் ஆயின. 1921-ல் டொரண்டோவில் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, சர்க்கரை நோய் என்பது ரத்தத்தில் அளந்து பார்க்கக்கூடிய, மருந்தால் கட்டுப்படுத்தக்கூடிய ஒன்றாக மாறியது. உடனே இந்திய மருத்துவர்கள் தங்கள் ஊர் இலைகளின் பக்கம் திரும்பினார்கள். கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ராம்நாத் சோப்ரா 1928-ல் சிறுகுறிஞ்சானைச் சோதித்து, நோயாளிகளிடம் சொல்லும்படியான பலன் இல்லை என்றார். இரண்டே ஆண்டில், 1930-ல், பம்பாயில் மஸ்கரும் கயஸ் பாதிரியாரும் சேர்ந்து இந்த ஒரு செடிக்காகவே நீண்டதோர் அறிக்கை வெளியிட்டார்கள். விலங்குகளில் இலை ரத்தச் சர்க்கரையைக் குறைக்கிறது, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைப்பதன் மூலம் அது நடக்கலாம் என்றது அறிக்கை.

ஒரே இலை, இரண்டு ஊர், இரண்டு பதில். யார் சொன்னது சரி என்று கேட்பதைவிட, இருவரும் ஒரே பொருளைத்தான் சோதித்தார்களா என்று கேட்பது நல்லது. இளம் இலையா, முற்றியதா? மழைக்காலத்தில் பறித்ததா, கோடையிலா? நிழலில் உலர்த்தியதா, வெயிலிலா? பொடியாகக் கொடுத்தார்களா, சாராயத்தில் எடுத்த சாறாகவா? ஒவ்வொன்றும் சாற்றின் குணத்தை மாற்றும். மருந்துக் கடையில் வாங்கும் மாத்திரைக்கு இந்தத் தொல்லை இல்லை. இலைக்கு உண்டு. ஆரோக்கியமான அறிவியலில் இந்த முரண்பாட்டைத் தீர்க்க அடுத்த பத்து ஆண்டுகளில் யாராவது முனைந்திருப்பார்கள். ஆனால் இன்சுலினும் பிறகு மாத்திரைகளும் வந்துவிட்டதால், கேள்வி அப்படியே அரைநூற்றாண்டு கிடந்தது.

அதை மறுபடி எடுத்தவர்கள் சென்னைக்காரர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் உயிர்வேதியியல் பேராசிரியர் ஈ.ஆர்.பி. சண்முகசுந்தரமும் ராதா சண்முகசுந்தரமும் 1980-களில் இந்த இலையைத் தங்கள் ஆயுள்வேலையாகவே எடுத்துக்கொண்டார்கள். முதலில் முயல்கள், பிறகு எலிகள், பிறகு மனிதர்கள். இலையிலிருந்து நீரில் கரையும் ஒரு சாற்றைப் பிரித்து அதற்கு ஜி.எஸ்.4 என்று பெயரிட்டார்கள். பெயரும் அளவும் உள்ள ஒரு சாறு கிடைத்தது பெரிய முன்னேற்றம். இனி சோதனையைத் திரும்பச் செய்யலாம்.

1990-ல் எத்னோஃபார்மகாலஜி ஆய்விதழில் அடுத்தடுத்து மூன்று கட்டுரைகள் வந்தன. முதலாவது, மருந்து கொடுத்து நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளின் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் மீண்டும் பெருகியிருக்கலாம் என்றது. இரண்டாவது, இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டிருந்த 27 நோயாளிகளுக்கு நாளுக்கு 400 மில்லிகிராம் சாறு கொடுத்ததில், ஊசியின் அளவும் வெறும் வயிற்றுச் சர்க்கரையும் குறைந்ததாகச் சொன்னது. மூன்றாவது, மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த 22 பேருக்கு அதே அளவைப் பதினெட்டு முதல் இருபது மாதம் கொடுத்ததைப் பற்றியது. ஹெச்பிஏ1சி உள்பட அளவுகள் இறங்கின. மாத்திரையின் அளவைக் குறைக்க முடிந்தது. ஐந்து பேர் மாத்திரையையே நிறுத்திவிட்டு, சாற்றை மட்டும் வைத்துச் சமாளித்தார்கள்.

இன்று உலகின் எந்த மூலையில் சிறுகுறிஞ்சான் கேப்சூல் விற்றாலும் விளம்பரத்தின் அடியில் இருப்பது இந்த மூன்று கட்டுரைகள்தான். அதனால்தான் அவற்றைக் கூர்ந்து படிக்க வேண்டியிருக்கிறது. ஆட்கள் குறைவு. யாருக்குச் சாறு, யாருக்குப் போலி மருந்து என்று சீட்டுக் குலுக்கிப் பிரிக்கவில்லை. என்ன கொடுக்கிறோம் என்பது கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் தெரியும். ஆய்வில் சேர்ந்ததாலேயே சாப்பாட்டைக் கட்டுப்படுத்தியவர்கள் எத்தனை பேர், தவறாமல் மருத்துவரைப் பார்த்ததால் தேறியவர்கள் எத்தனை பேர் என்பதைப் பிரித்துப் பார்க்க வழியில்லை. அன்றைய வசதிக்கும் நிதிக்கும் அவர்கள் செய்தது பெரிய காரியம். அது ஒரு கதவைத் திறந்தது. அந்தக் கதவு வழியாகப் பெரிய ஆய்வு ஒன்று பின்னாலேயே வந்திருக்க வேண்டும். வந்தவர்கள் வியாபாரிகள்.

சென்னையில் நடந்த இன்னொரு கதையையும் இங்கே சொல்ல வேண்டும். அதே பல்கலைக்கழகத்தில் எஸ்.பி. தியாகராஜன் குழு கீழாநெல்லியை ஹெபடைடிஸ் பி கிருமிக்கு எதிராகச் சோதித்தது. 1988-ல் லான்செட்டில் வந்த முடிவு உலகத்தையே திரும்பிப் பார்க்கவைத்தது. கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது; போலி மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும். பிறகு தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் திரும்பச் செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. கீழாநெல்லிக்குக் கிடைத்த அந்த மறுசோதனை ஒரு பாக்கியம் என்றே சொல்வேன். பதில் கசந்தாலும் பதில் கிடைத்தது. சிறுகுறிஞ்சானுக்கு அதுவும் கிடைக்கவில்லை.

கிடைத்தது வேறு ஒன்று. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ஷான்டா பெர்சாடும் சக ஆய்வாளர்களும் தரமணியின் அதே ஜி.எஸ்.4 சாற்றைக் கணையச் செல்கள்மேல் நேரடியாக விட்டுப் பார்த்தார்கள். 1999-ல் முடிவு வெளியானது. இன்சுலின் வெளியே வந்தது, உண்மை. ஆனால் எப்படி வந்தது? உயிருள்ள செல் உள்ளே விடாத ஒரு நீலச்சாயத்தைச் சேர்த்தபோது, செல்கள் சாயத்தை உள்ளே இழுத்துக்கொண்டன. செல்லின் சவ்வே ஓட்டையாகியிருந்தது. சுரந்து வந்த இன்சுலின் அல்ல அது, கசிந்து வந்தது. ஜிம்னெமிக் அமிலங்கள் சபோனின் வகை. பூந்திக்கொட்டையில் நுரை வரவைக்கும் அதே குடும்பம். சவ்வைக் கரைக்கும் குணம் அந்தக் குடும்பத்துக்கு உண்டு. கண்ணாடிக் கிண்ணத்தில் நேரடியாகக் கொட்டிய சாறு செய்ததை, வயிறும் குடலும் ஈரலும் கடந்து மிகச் சிறிய அளவில் ரத்தத்துக்குப் போவது செய்யுமா என்பது வேறு கேள்வி. ஆனாலும் அந்த நீலச்சாயம் கேட்ட கேள்வியை அதற்கு முன் யாரும் கேட்கவில்லை. இன்சுலின் கூடியது என்று மட்டும் எழுதிவிட்டு நகர்ந்திருந்தால் அது ஒரு வெற்றிக் கட்டுரை. அடுத்த ஒரு கேள்வியைக் கேட்டதால் அது அறிவியல்.

அதே குழு அங்கேயே நிற்கவில்லை. சபோனின் தொல்லையில்லாதபடி வேறு முறையில் எடுத்த ஒரு சாற்றை 2010-ல் சோதித்தார்கள். செல்கள் சிதையவில்லை. 11 நோயாளிகளுக்கு நாளுக்கு ஒரு கிராம் வீதம் 60 நாள் கொடுத்ததில் இன்சுலின் கூடியது, சர்க்கரை இறங்கியது. பதினோரு பேர்! நம்பிக்கைக்குப் போதும். மருந்துச் சீட்டு எழுதப் போதாது.

ஜப்பானியர்கள் இலையை வேறு பக்கம் திருப்பினார்கள். குர்மரின் என்ற 35 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு புரதத்தை அதிலிருந்து பிரித்தார்கள். அது எலியின் நாக்கில் இனிப்பை அடைக்கிறது, மனிதரிடம் அவ்வளவாக எடுபடுவதில்லை. குடலில் குளுக்கோஸ் உறிஞ்சப்படுவதை ஜிம்னெமிக் அமிலங்கள் தடுப்பதாக விலங்குச் சோதனைகளில் கண்டார்கள். 2014-ல் நாக்கின் புதிர் ஏறக்குறைய முழுதாக அவிழ்ந்தது. மனித நாக்கின் இனிப்பு ஏற்பியில் டி1ஆர்3 என்ற பாகத்தில், சவ்வுக்குள் புதைந்திருக்கும் பகுதியில், இந்த அமிலம் போய் ஒட்டிக்கொள்கிறது. சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுப்பொருள் கரைசலால் வாய் கொப்பளித்தால் அது கழன்றுவிடும், இனிப்பு திரும்பிவிடும். பளியர் வாயில் தொடங்கிய சோதனைக்கு மூலக்கூறு அளவில் பதில் கிடைத்தாயிற்று. நாக்கைப் பொறுத்தவரை இலையின் பயணம் முடிந்தது. கணையத்தைப் பொறுத்தவரை பாதிவழியில் நிற்கிறது.

நிற்பதற்குக் காரணம் ஆய்வு நடக்காததல்ல. அளவுக்கு மேலேயே நடக்கிறது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் தாவரவியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் துறைகளில் முதுகலை மாணவர்கள் ஆண்டுதோறும் ஏதாவது ஓர் இலையை எடுத்துக்கொண்டு ஆய்வேட்டில் இறங்குகிறார்கள். நிழலில் உலர்த்தி, மிக்ஸியில் அரைத்து, சாக்ஸ்லெட் குழாயில் ஏற்றி, பெட்ரோலியம் ஈதர், குளோரோஃபார்ம், எத்தனால், தண்ணீர் என்று வரிசையாகச் சாறு இறக்குகிறார்கள். அகர் தட்டில் காகித வட்டு வைத்துப் பாக்டீரியா வளராத வளையத்தை அளக்கிறார்கள். ஊதா நிறக் கரைசல் மஞ்சளாக மாறுவதை வைத்து ஆக்சிஜனேற்றத் தடுப்பு என்று எழுதுகிறார்கள். மாவைச் சர்க்கரையாக உடைக்கும் நொதியைச் சாறு தடுக்கிறதா என்று பார்த்து, நீரிழிவுக்கு எதிரானது என்கிறார்கள்.

கை பழகுவதற்கு இவை நல்ல சோதனைகள். ஒரு மாணவி முதன்முதலாகத் தன் கையால் சாறு இறக்கி, வளையம் தெளிவதைப் பார்க்கும் மகிழ்ச்சி வீணானதல்ல. ஆனால் பாலிஃபீனால் உள்ள எந்தப் பச்சை இலையும் அந்த ஊதாவை மஞ்சளாக்கும். டீத்தூளும் ஆக்கும். குழாயில் ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு மில்லிகிராம் விட்டுக் கிடைத்த பலனை ரத்தத்தில் பெற வேண்டுமானால் எத்தனை படி இலை தின்ன வேண்டும் என்று யாரும் கணக்குப் போடுவதில்லை. இலையின் மாதிரி ஒன்றை உலர்த்தித் திருச்சி ராபினாட் தாவரகத்திலோ கோவை இந்தியத் தாவரவியல் ஆய்வகத்திலோ அடையாளம் சரிபார்த்து வைப்பதைக்கூடப் பலர் விட்டுவிடுகிறார்கள். எந்தச் செடி என்று உறுதியில்லாத சாற்றுக்கு எத்தனை வளையம் வந்து என்ன பயன்?

இலை ஒன்று கடைசிவரை நடந்தால் எங்கே போய்ச் சேரும் என்பதற்குச் சாட்சி நம் வீடுகளிலேயே இருக்கிறது. ஐரோப்பாவில் கலேகா என்ற செடி. அங்குள்ள பழைய மருத்துவத்தில் இடம் பெற்றது. 1914-ல் அதிலிருந்து கலேகின் பிரிக்கப்பட்டது. சர்க்கரையைக் குறைத்தது, ஆனால் மனிதர்களுக்கு நஞ்சாக இருந்தது. அங்கே விட்டுவிடாமல் அதன் உறவுப் பொருள்களைத் தேடினார்கள். 1922-ல் டப்ளினில் ஒன்று தயாரானது. 1957-ல் பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டெர்ன் அதை நோயாளிகளுக்குக் கொடுத்து எழுதினார். 1998-ல் பிரிட்டனின் பெரிய நீரிழிவு ஆய்வு அதற்கு உறுதி தந்தது. அதுதான் மெட்ஃபார்மின். தளவாய்புரத்தில் எந்த மருந்துக் கடையில் கேட்டாலும் கிடைக்கும்.

நம்மாலும் முடியும் என்பதற்கும் சான்று இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் வேங்கை மரத்தின் வைரத்தை, வடக்கே விஜயசார் என்று சொல்வதை, புதிதாக நீரிழிவு கண்டறியப்பட்டவர்களிடம் பல மையங்களில் முறையாகச் சோதித்து 1998-ல் முடிவை வெளியிட்டது. அதே மன்றத்தின் ஆய்வு 2023-ல் இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாகவும், தமிழ்நாட்டில் அது 14.4 சதவீதம் என்றும் சொன்னது. நோயாளிகள் இங்கே இருக்கிறார்கள். இலை இங்கே இருக்கிறது. பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. சில நூறு பேரைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, தரம் நிர்ணயித்த ஒரே சாற்றை, ஒரு பக்கம் போலி மருந்தோடு ஓராண்டு கொடுத்துப் பார்க்கும் ஆய்வை இவர்கள் கைகோத்துச் செய்ய வேண்டும். பலன் உண்டு என்றால் அரசு மருந்தகத்தில் மலிவாகக் கிடைக்கட்டும். இல்லை என்றால் அதையும் உரக்கச் சொல்லட்டும். பலன் உண்டென்று வந்து யாராவது லாபம் பார்த்தால், 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டம் சொல்கிறபடி, மலையடிவாரத்தில் அந்த அறிவைக் காத்தவர்களுக்கும் பங்கு போகட்டும்.

அதுவரை, படிக்கிற உங்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் யாராவது சிறுகுறிஞ்சான் பொடியோ கேப்சூலோ சாப்பிட்டால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மாத்திரையோடு சேரும்போது சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம். இந்தச் செடியைச் சாப்பிட்டவர் ஒருவருக்கு ஈரல் அழற்சி வந்ததாக 2010-ல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. இன்சுலின் ஊசியை மட்டும் எந்த இலையை நம்பியும் நிறுத்தாதீர்கள்.